தரகர் யாருடைய ஆள்?

"உங்க கடை ஏஜென்ட்-ரெடியா சார்?"

இணையக் கடைக்கான மென்பொருளை விற்க வருகிறவர்கள் இப்போது பேச்சைத் தொடங்குவதே இப்படித்தான். சில வருடங்களுக்கு முன்பு "மொபைல்-ரெடியா?" என்றார்கள். அப்புறம் "ஹெட்லெஸ்ஸா?" என்றார்கள். ஒவ்வொரு முறையும் கடைக்காரர் தான் ஏதோ ஒன்றில் பின்தங்கிவிட்டதாகப் பயந்துபோய், முன்பைவிடக் கூடுதலான மாதச் சந்தாவுக்குத் தலையாட்டினார். நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து இப்படிப்பட்ட கடைகளின் பின்கட்டு வேலையைச் செய்கிறவன். ஸ்டாக் கணக்கு, கூரியர் இணைப்பு, பணம் வந்ததா வரவில்லையா என்ற சரிபார்ப்பு. வாடிக்கையாளர் கண்ணில் படாத பக்கம் அது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த "ஏஜென்ட்-ரெடி" கேள்வி எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது. என்ன பதில் சொன்னாலும் விற்பவருக்கு லாபம் வருகிற மாதிரி தைக்கப்பட்ட கேள்வி அது.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். "ரெண்டு பேர் படுக்கிற கட்டிலுக்குக் காட்டன் பெட்ஷீட், 1,500 ரூபாய்க்குள்ள, வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி வீட்டுக்கு வரணும்" என்று ஒருவர் சாட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ சொல்கிறார். அது தேடி, ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்து, அனுமதி வாங்கிக்கொண்டு பணத்தையும் கட்டிவிடுகிறது. வாங்குகிறவர் கடையின் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. நீங்கள் இரண்டு லட்சம் கொடுத்துச் செய்த முகப்பு வடிவமைப்பை, அந்த ஓடும் பேனரை, ஒருவரும் பார்க்கப்போவதில்லை.

கற்பனை இல்லை இது. 2025 செப்டம்பர் 16 அன்று கூகுள் ஏபி2 என்ற பெயரில், ஏஜென்ட்கள் பணம் கட்டுவதற்கான நெறிமுறையை அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களோடு சேர்ந்து அறிவித்தது. அடுத்த இரண்டே வாரத்தில், செப்டம்பர் 29 அன்று, ஓப்பன்ஏஐயும் ஸ்ட்ரைப்பும் சேர்ந்து ஏசிபி என்ற வேறொரு நெறிமுறையை வெளியிட்டன. அமெரிக்காவில் எட்ஸி கடைக்காரர்களின் பொருட்களைச் சாட்ஜிபிடிக்குள்ளேயே வாங்க முடிந்தது, ஷாப்பிஃபை கடைகள் அடுத்து என்றார்கள். அக்டோபரில் ரேஸர்பே, என்பிசிஐ, ஓப்பன்ஏஐ மூன்றும் சேர்ந்து யுபிஐ வழியாக இதே காரியத்தை இங்கே சோதித்துப் பார்ப்பதாக அறிவித்தன. பிக்பாஸ்கெட் அதில் இருந்தது. 2026 ஜனவரியில் கூகுள் ஷாப்பிஃபை, வால்மார்ட் போன்றவர்களோடு யுசிபி என்று இன்னொன்றைக் கொண்டுவந்தது.

நாலு மாதத்துக்குள் மூன்று நெறிமுறைகள். எது நிற்கும், எது போகும்? எனக்குக் கவலை இல்லை, உங்களுக்கும் வேண்டாம். இவை எல்லாமே பொதுவில் வெளியிடப்பட்ட ஆவணங்கள். ஏசிபி அப்பாச்சி உரிமத்தில் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம். உருப்படியான எந்த பிளாட்ஃபார்மும் இவற்றைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். சேர்க்காவிட்டால் யாராவது ஒருவர் ப்ளக்இன் எழுதிவிடுவார். ஆறு மாதத்தில் எல்லோரிடமும் இருக்கப்போகிற ஒன்றை நம்பி ஆறு வருடம் குடியிருக்கப் போகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். மண்டபத்தில் ஏசி இருக்கிறது என்பதற்காகச் சம்பந்தம் பேசி முடித்த கதை.

சரி, ஏஜென்ட்டுக்கு உண்மையில் என்னதான் வேண்டும்?

என் மாமா ஒருவர் சென்னிமலைப் போர்வை, பெட்ஷீட் விற்கிறார். கைத்தறி. சொந்தத் தறி இல்லை, நெய்கிற ஏழெட்டுக் குடும்பங்களிடம் எடுத்து விற்கிறார். இணையக் கடையும் வைத்திருக்கிறார். அவருடைய கடையை ஒரு ஏஜென்ட் எப்படிப் பார்க்கும் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். பெட்ஷீட்டின் அளவு "டபுள்" என்று இருந்தது. எத்தனை இன்ச் என்பது படத்துக்குள், பூ வேலைப்பாட்டுக்கு மேலே மஞ்சள் எழுத்தில் இருந்தது. எடை இல்லை. சாயம் போகுமா, முதல் சலவையில் எவ்வளவு சுருங்கும், எதுவும் இல்லை. ஸ்டாக் என்ற இடத்தில் எல்லாப் பொருளுக்கும் 999. திருப்பி அனுப்பும் விதி கேட்டால் "வாட்ஸ்அப்பில் தொடர்பு கொள்ளவும்".

"மாமா, இதையெல்லாம் எழுதி வைக்கக் கூடாதுங்களா?" என்றேன்.

"எதுக்கு மாப்ளை எழுதோணும்? போன் பண்ணுனா நானே சொல்லிப்போடறேன். கட்டில் எந்த ஊருப் பக்கம் செஞ்சதுன்னு கேட்டு, அளவும் நானே சொல்லீருவேன்."

அவர் சொல்வது முழுக்க உண்மை. இருபது வருட வியாபாரத்தில் வந்த அறிவு அது. ஆனால் ஏஜென்ட் போன் பண்ணாது. அளவு எழுதியிருக்கிற அடுத்த கடைக்குப் போய்விடும். அவருடைய கடையை ஷாப்பிஃபையில் வைத்தாலும் வூகாமர்ஸில் வைத்தாலும் மெஜன்டோவில் வைத்தாலும் "டபுள்" என்பது "டபுள்" ஆகத்தான் இருக்கும். 90-க்கு 100 இன்ச் என்று எந்த பிளாட்ஃபார்மும் தானாகக் கண்டுபிடித்து எழுதாது. எழுதினால் இன்னும் ஆபத்து. இப்போது பல இடங்களில் ஏஐயே விவரணை எழுதித் தருகிறதே, அது அளவையும் சேர்த்து அடித்துவிடும்.

இதில் புதிதாக ஒன்றுமே இல்லை என்பதுதான் வேடிக்கை. 2001 மே மாத சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் டிம் பெர்னர்ஸ்-லீயும் மற்ற இருவரும் எழுதிய கட்டுரையில், ஒரு தாயின் சிகிச்சைக்கு மென்பொருள் ஏஜென்ட்களே நேரம் ஒதுக்குகின்றன. அதற்கு அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: இணையத்தில் உள்ள தகவலுக்கு, இயந்திரம் புரிந்துகொள்ளும்படி பொருள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 2011-ல் கூகுளும் பிங்கும் யாஹூவும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் கொண்டுவந்தன. இது விலை, இது நிறம், இது கையிருப்பு என்று பக்கத்துக்குள் குறித்து வைக்கும் முறை. இலவசம். நம் நாட்டுச் சட்டமுறை எடையளவு விதிகளும் 2018-லிருந்து, விற்பனை விலை, நிகர அளவு, தயாரித்தவர் பெயர் முதலியவற்றை இணையக் கடையிலும் காட்டச் சொல்கின்றன. அளவு முக்கியமான சரக்குக்கு அளவும். ஆக, ஏஜென்ட் இன்று கேட்பதில் பாதியைச் சட்டம் முன்பே கேட்டுவிட்டது. நாம்தான் செய்யவில்லை.

இதோடு கட்டுரையை முடித்துக்கொண்டு "தகவலைச் சரியாக எழுதுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லலாம். தொழில்நுட்பக் கருத்தரங்குகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் மாமாவின் சிக்கல் அங்கே முடியவில்லை, அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கைத்தறி பெட்ஷீட்டும் விசைத்தறி பெட்ஷீட்டும் ஏஜென்ட்டின் அட்டவணையில் எப்படி விழும்? நூறு சதவீதம் காட்டன், 90-க்கு 100, இரண்டு தலையணை உறை. ஒன்று 1,400 ரூபாய், இன்னொன்று 650. மனிதர் கையில் எடுத்துப் பார்த்தால் நெசவு தெரியும், கனம் தெரியும், கரையோரத்தில் கை தெரியும். அட்டவணையில் விலை மட்டும்தான் வித்தியாசம். "கைத்தறி" என்று ஒரு கட்டத்தில் எழுதினால்? அதை 650 ரூபாய்க்காரரும் எழுதுவார், ஏற்கெனவே எழுதுகிறார். மத்திய அரசு 2006-ல் கைத்தறி முத்திரை கொண்டுவந்ததே இந்தப் பொய்யைத் தடுக்கத்தான். துணியில் தைத்திருக்கும் அந்தச் சின்ன லேபிளை ஏஜென்ட் எப்படிச் சரிபார்க்கும்? நான் பார்த்த எந்த பிளாட்ஃபார்மிலும் கடைக்காரர் சொன்னது ஒரு பக்கம், வேறொருவர் உறுதி செய்தது ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கும் இடம் இயல்பாகக் கிடையாது. எல்லாம் ஒரே விவரணைப் பெட்டி. பொய்க்கும் உண்மைக்கும் ஒரே எழுத்துரு.

ஏழெட்டுக் குடும்பங்களின் தறி ஓடுமா ஓடாதா என்பது இந்தப் பெட்டியில் வந்து நிற்கிறது. "ஏஜென்ட்-ரெடி" என்று சொல்லிக்கொண்டு வந்தவர் யாராவது இதைப் பற்றிப் பேசினாரா? இல்லை. செக்அவுட் எத்தனை நொடியில் முடியும் என்று பேசினார்.

ஏஜென்ட் என்ற சொல்லை நாம் புதிதாகக் கேட்பதுபோல நடந்துகொள்வதும் எனக்குப் புரியவில்லை. எல்ஐசி ஏஜென்ட் தெரியும், நிலத் தரகர் தெரியும், அந்தியூர்ச் சந்தையில் மாட்டுத் தரகர் தெரியும். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. வாங்குபவர், விற்பவர் இரண்டு பேரிடமும் கமிஷன் வாங்குகிற தரகர் யாருடைய ஆள் என்று ஊரில் எவனும் ஏமாந்து கேட்க மாட்டான். ஆனால் அதையே ஒரு மென்பொருள் செய்தால் "உங்கள் தனிப்பட்ட உதவியாளர்" என்று நம்புகிறோம். ஓப்பன்ஏஐ தன் அறிவிப்பிலேயே, வாங்குபவருக்கு இலவசம், விற்பவர் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு சிறு கட்டணம் கட்டுவார், ஆனால் அது தேடல் முடிவைப் பாதிக்காது என்று சொன்னது. இருக்கலாம். இன்றைக்குப் பாதிக்காது.

இந்த "இன்றைக்கு" எப்படி மாறும் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கூகுள் 2002 டிசம்பரில் ஃப்ரூகிள் என்று ஒரு பொருள் தேடும் சேவையைத் தொடங்கியது. கடைக்காரர்கள் காசில்லாமல் தங்கள் சரக்கைச் சேர்த்தார்கள். பத்து வருடம் எல்லோரும் சரக்குப் பட்டியலைக் கொடுத்துக் கொடுத்துப் பழகிய பிறகு, 2012-ல் பெயர் கூகுள் ஷாப்பிங் ஆனது. காசு கட்டினால்தான் இடம் என்றானது. 2017-ல் ஐரோப்பிய ஆணையம், தேடலில் தன் ஷாப்பிங் சேவைக்கே முன்னிடம் கொடுத்ததற்காகக் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் போட்டது. ஏழு வருடம் வழக்காடி 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்குள் மூடிய ஒப்பீட்டுத் தளங்கள் மூடியவைதான்.

நடுநிலை பற்றி இன்னொரு செய்தி. 2025-ல் கொலம்பியா, யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பொய்க்கடையை அமைத்து, பல ஏஐ மாடல்களை அதில் பொருள் வாங்க விட்டுப் பார்த்தார்கள். அதே பொருளைத் திரையில் வேறு இடத்தில் வைத்தால் தேர்வு மாறியது. ஒவ்வொரு மாடலுக்கும் பிடித்த இடம் வேறு. விவரணையில் சில சொற்களைத் திருத்தியதும் சில பொருட்களின் விற்பனைப் பங்கு ஏறியது. அதாவது, லஞ்சமே வாங்காத தரகருக்கும் பழக்கதோஷம் இருக்கிறது. அந்தப் பழக்கதோஷத்தைப் படித்துச் சொல்லித்தர ஒரு புதிய ஆலோசகர் கூட்டம் கிளம்பும். தேடுபொறியில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று வருடக்கணக்காகக் காசு பிடுங்கிய அதே ஆட்கள்.

பெரிய கடைகள் இதைப் புரிந்துவைத்திருக்கின்றன. அமேசானைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் அது "பை ஃபார் மீ" என்று ஒன்றைச் சோதனைக்கு விட்டது: அமேசான் செயலியில் இருந்துகொண்டே, அமேசானின் ஏஜென்ட் வேறு கடைகளுக்குப் போய் உங்களுக்காக வாங்கி வரும். அதே அமேசான் நவம்பரில், பெர்ப்ளெக்ஸிட்டியின் காமெட் உலாவி தன் கடைக்குள் ஏஜென்ட்டை அனுப்புகிறது என்று வழக்குப் போட்டது. என் ஆள் உன் கடைக்குள் வரலாம், உன் ஆள் என் கடைக்குள் வரக் கூடாது! கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் வியாபாரப் புத்தி என்றால் அதுதான். ஷாப்பிஃபையும் 2025 ஜூலை வாக்கில், தன் கடைகளின் ரோபாட்ஸ் கோப்பில் இயல்பாக வரும் வாசகத்தை மாற்றியது. மனிதர் ஒருவர் கடைசியாகப் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் பணம் கட்டி முடிக்கும் ஏஜென்ட்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியது. அந்த விதி நல்ல விதி என்றே நினைக்கிறேன். ஆனால் லட்சக்கணக்கான கடைகளின் வாசலில் ஒரே இரவில் அந்தப் பலகையை மாட்டியது யார்? கடைக்காரர்கள் இல்லை.

என் நண்பர் ஒருவர், இதே துறைக்காரர், என்னோடு ஒத்துப்போக மாட்டார். "நீ பயமுறுத்துறே. இன்னைக்கு மட்டும் உங்க மாமா சுதந்திரமாவா இருக்காரு? விளம்பரத்துக்குக் காசு கொட்டலைன்னா எவன் கண்ணுலயும் பட மாட்டாரு. ஏஜென்ட் வந்தா விளம்பரம் பார்க்காது, சரக்கைப் பார்க்கும். சின்னக் கடைக்கு இதுதான் சான்ஸ்" என்பார். இதில் உண்மை உண்டு. விளம்பரக் கப்பம் கட்டி நொந்தவர்களை எனக்கும் தெரியும். ஏஜென்ட்டுக்குக் கதவைச் சாத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சாத்தினால் அமேசானுக்குக் கட்டுப்படியாகும், மாமாவுக்குக் கட்டுப்படியாகாது.

ஆனால் இதே நம்பிக்கையை இதே ஊரில் ஒருமுறை பார்த்துவிட்டேன். 2022 ஏப்ரலில் ஓஎன்டிசி சோதனை ஓட்டம் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. வாங்கும் செயலி ஒன்று, விற்கும் செயலி வேறொன்று, நடுவே பெக்ன் என்ற திறந்த நெறிமுறை. நியாயமான, அழகான வடிவமைப்பு. இன்றும் அதன் ஆவணங்களைப் படித்தால் எனக்கு மதிப்பு குறையவில்லை. ஆனால் ஜனங்கள் நெறிமுறையைத் தேடி வருவதில்லை, கையில் ஏற்கெனவே இருக்கும் செயலியைத்தான் திறக்கிறார்கள். 2023-ல் அது ஊரெல்லாம் பேசப்பட்டதும் சாப்பாட்டுத் தள்ளுபடிக்காகத்தான். தெரு பொதுவாக இருந்தாலும், கூட்டம் நுழைகிற வாசல் யார் கையில் என்பதுதான் வியாபாரத்தைத் தீர்மானித்தது. சாட்ஜிபிடியும் ஜெமினியும் அப்படி இரண்டு வாசல்கள். நெறிமுறை திறந்தது, வாசல் அவர்களுடையது.

ஆகவே பிளாட்ஃபார்ம் தேர்ந்தெடுக்க உட்காரும்போது நான் பார்ப்பது வேறு. நாளைக்கே இங்கிருந்து கிளம்ப வேண்டுமென்றால் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம்? சரக்குப் பட்டியலை எல்லோரும் கொடுப்பார்கள். பழைய ஆர்டர்கள், வாங்கியவரின் பெயர், போன் நம்பர், திரும்பி வந்த சரக்கின் காரணம், இவையும் வருமா? ஏஜென்ட் மூலம் வந்த ஆர்டரில் வாங்கியவர் யார் என்று கடைக்காரருக்குத் தெரியுமா, ஏஜென்ட்டின் பெயர் மட்டும் தெரியுமா? தெரியாது என்றால் மாமாவுக்கு வாடிக்கை என்ற ஒன்றே இருக்காது. மூன்று வருடம் கழித்து "அந்தப் பச்சைக் கரை போட்ட போர்வை இன்னும் இருக்குதுங்களா?" என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். எந்த ஏஜென்ட்டுக்குக் கதவைத் திறப்பது என்பதைத் தனித்தனியாகத் திறந்து மூடும் வசதி கடைக்காரரிடம் இருக்கிறதா? "நெய்தவர்", "கைத்தறி முத்திரை எண்" என்று நமக்கு வேண்டிய கட்டங்களைச் சேர்க்க முடியுமா, சேர்த்தால் அவை ஏஜென்ட்டுக்குப் போகும் ஓடையிலும் போகுமா, இல்லை நம் திரையில் மட்டும் தங்குமா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நிறையப் பேர் முழிக்கிறார்கள்.

பெயர் சொல்லிக் கேட்டால் சொல்கிறேன். ஷாப்பிஃபை நல்ல வாடகை வீடு. தண்ணீர், கரன்ட் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், புதிய ஏஜென்ட் வாசல்களுக்கு வரிசையில் முதலாவதாகவும் நிற்பார்கள். ஆனால் சுவரில் ஆணி அடிக்க அனுமதி வேண்டும். வூகாமர்ஸ் சொந்த வீடு. கூரை ஒழுகினால் நீங்கள்தான் ஏற வேண்டும், ப்ளக்இன் மேல் ப்ளக்இன் போட்டு ஒருநாள் படுத்துவிடும். பக்கத்தில் கூப்பிட்டால் வருகிற டெவலப்பர் இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். மெஜன்டோ யானை, 2018-ல் அடோபி 168 கோடி டாலர் கொடுத்து வாங்கிய யானை. போர்வைக் கடைக்கு எதற்கு?

எதை எடுத்தாலும் மூலப் பட்டியல் அதற்கு வெளியே இருக்கட்டும். மாமாவுக்கு நான் செய்து கொடுத்தது ஒரு சாதாரண ஸ்ப்ரெட்ஷீட். அளவு இன்ச்சிலும் சென்டிமீட்டரிலும், எடை, சுருக்கம், சாயம், நெய்த ஊர், முத்திரை எண், உண்மையான கையிருப்பு. தினமும் ராத்திரி அதிலிருந்து கடைக்கு ஏறும். கடைதான் நகல், ஸ்ப்ரெட்ஷீட்தான் அசல். எழுதுவதற்கு மாமாவின் மகளுக்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் பாதி நேரம் அவள் அப்பாவிடம் கேட்டு எழுதியது, "அப்பா, இது எத்தனை இன்ச் சுருங்கும்?", "துவைச்சுப் பாரு சாமி" என்கிற ரீதியில். நிஜமாகவே நாலு பெட்ஷீட்டைத் துவைத்துக் காயப்போட்டு டேப் வைத்து அளந்தாள். ஏஜென்ட் யுகத்துக்கான ஆயத்தம் என்று நான் பார்த்ததிலேயே உருப்படியானது அந்தத் துணிக்கொடிதான்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஏபி2-வில் வாங்குபவரின் சம்மதம் கையொப்பத்தோடு பதிவாகிறது: என்ன கேட்டார், எந்தக் கூடைக்கு ஒப்புக்கொண்டார் என்று. தகராறு வந்தால் காட்டலாம். நல்லது. ஆனால் நம்மூரில் சின்னக் கடைக்காரரின் பணம் போவது வேறு இடத்தில். கேஷ் ஆன் டெலிவரி போட்டுவிட்டு, வீட்டு வாசலில் "வேண்டாங்க" என்று சொல்வார்கள். சரக்கு திரும்பி வரும், போகவர கூரியர் செலவு கடைக்காரர் தலையில். மனிதர்களே கையில் காசு கொடுக்காத வரைக்கும் மனசு மாறிக்கொண்டுதான் இருப்பார்கள். ஏஜென்ட் போட்ட ஆர்டர் என்றால் "நான் எங்கே போட்டேன், அது போட்டுச்சு" என்று சொல்ல இன்னொரு காரணமும் ஆச்சு. 90-க்கு 100 கேட்டவருக்கு 108-க்கு 108 எடுத்துக் கொடுத்தது ஏஜென்ட்டின் தவறு என்றால், அந்தப் போகவர இருநூற்றுச் சொச்சம் ரூபாயை யார் தருவது? பிளாட்ஃபார்ம் விற்க வந்த மூன்று பேரிடம் இதைக் கேட்டுவிட்டேன். ஒருவர் அது கூரியர் கம்பெனியின் பிரச்சினை என்றார். ஒருவர் சிஓடியையே எடுத்துவிடச் சொன்னார்; மாமாவின் ஆர்டர்களில் பாதிக்கு மேல் சிஓடி என்றதும் தலையைச் சொறிந்தார். மூன்றாமவர் குறித்துக்கொண்டு, "ரோட்மேப்ல இருக்கு சார்" என்றார். எந்த வருட ரோட்மேப் என்று கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறேன்.